செயலாளரின் விலகல் கடிதமும் ஒரு விமானப்படைத் தளபதியும்

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், காரைக்குடியிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அறங்காவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் செயலாளரின் விலகல் கடிதம் பற்றிப் பேச்சு வந்தபோது தலைவர் ஐயா ஒரு வார்த்தை சொன்னார்கள். பட்டாளத்தில் யாராவது இப்படிப் பாதியில் பொறுப்பைப் போட்டுவிட்டுப் போனால் அவனைக் கோழை என்பார்கள், விமானப்படையில் இருந்தவரே இங்கு உட்கார்ந்திருக்கிறார், வேண்டுமானால் கேட்டுப்பாருங்கள் என்று என்னைக் கைகாட்டினார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை. காப்பி வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. கேட்கப்படாத கேள்விக்குத்தான் இந்த மடலில் பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவதற்குக் காரணம், அன்று அந்தச் சொல்லும் எல்லோர் முன்னிலையிலும்தான் சொல்லப்பட்டது.

முதலில், நடந்ததை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நம் பள்ளி பழைய வளவு ஒன்றில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில், நடப்பது ஊருக்கே தெரியும். ஐப்பசி மழையில் பின்கட்டுச் சாப்பாட்டுக்கூடத்தின் ஓட்டுக்கூரை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. பிள்ளைகள் இருவருக்குக் கை முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் போனது நம் ஊர் அம்மன் கொப்புடையாள் புண்ணியம். மறுநாளே பெற்றோர்கள் வாசலில் திரண்டார்கள். கூட்டத்தின் கோபத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளரை வேலையை விட்டு நீக்குவதென்று வாட்ஸ்அப்பிலேயே முடிவெடுத்தீர்கள். அந்த உத்தரவில் கையெழுத்திட வேண்டிய செயலாளர் கையெழுத்திடவில்லை. உத்தரவு தட்டச்சாகி வருவதற்கு முன்பே, உடல்நலம் என்றோ குடும்பச் சூழ்நிலை என்றோ சாக்குச் சொல்லாமல், இரண்டே வரியில் தன் விலகலைக் கொடுத்துவிட்டார்.

அவர் என் நண்பரல்லர். நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்கள் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் மனத்தாங்கல் உண்டு. இன்றும் சந்தையில் எதிர்ப்பட்டால் தலையசைப்போடு சரி. ஆகவே ஆளுக்காகப் பரிந்து பேசுகிறான் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தலைவர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். படையில் பாதியில் போனவர்கள் உண்டா? உண்டு. அதுவும் சிப்பாய் இல்லை, ஒரு நாட்டின் விமானப்படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். அவர் பெயர் ரொனால்ட் ஃபோகல்மன். அமெரிக்கர். நம் நாட்டுப் படையைப் பற்றிச் சொல்லாமல் எங்கோ இருப்பவரைச் சொல்வானேன் என்று கேட்கலாம். நம் நாட்டுக் கதைகளும் வரும். ஆனால் நம் பள்ளியில் நடந்ததற்கு இவ்வளவு நெருக்கமான வேறொரு விவகாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபோகல்மன் 1942-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1963-இல் அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் படித்து முடித்து அதிகாரியானார். அந்தக் கழகத்தில் படித்தவர்களில் தலைமைத் தளபதி நாற்காலி வரை போன முதல் ஆள் அவர்தான். வியட்நாம் போரில் எஃப்-100 போர் விமானம் ஓட்டினார். 1968-இல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் விழுந்த இடத்தில் வந்து இறங்கியது ஆள் ஏற்றும் ஹெலிகாப்டர் அன்று, கோப்ரா என்னும் தாக்குதல் ஹெலிகாப்டர். ஓட்டுகிறவர்கள் இருவருக்கு மேல் அதில் உட்கார இடம் கிடையாது. மனிதர் அதன் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டே பறந்து உயிர் தப்பினார். 315 போர்ப் பறப்புகள், மொத்தம் 6,800 மணி நேரத்துக்கு மேல் வானில். இப்படிப்பட்டவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல யாருக்கும் நா எழாது என்பதற்காகவே இந்தக் கணக்கை எடுத்துவைக்கிறேன்.

அவர் வெறும் சண்டைக்காரரும் அல்லர். டியூக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் அரசியலும் படித்து முதுகலைப் பட்டம் வாங்கி, தான் படித்த கழகத்துக்கே திரும்பி வரலாறு கற்பித்தவர். பிறகு கொரியாவில் ஏழாவது விமானப்படை, அமெரிக்காவின் போக்குவரத்துத் தலைமையகம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1994 அக்டோபர் 26-இல் தலைமைத் தளபதியானார். வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அவருக்கு முன்பிருந்தவர் சீருடையை மாற்றி, கப்பல்படைக்காரர்களைப் போல அதிகாரிகளின் கைநுனியில் வெள்ளிப் பட்டைகளை வைத்திருந்தார். ஃபோகல்மன் அதைப் பழையபடிக்கே திருப்பினார். படையாட்களின் மனம் அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒன்றுக்காகவே பலர் அவருக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

ஆனால் அவருடைய பதவிக்காலத்தை நிறைத்தது சீருடையன்று, விபத்துகளும் அவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும்தான். அவர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1994 ஏப்ரல் 14-இல், வட ஈராக் வானில் அமெரிக்கப் போர் விமானங்கள் தங்கள் நாட்டுத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையே எதிரியுடையவை என்று தவறாக எண்ணிச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது. இராணுவ நீதிமன்றம் வரை போனது ஒரே ஓர் அதிகாரியின் வழக்குதான். அவரும் விடுதலையானார். ஃபோகல்மன் கோப்புகளை வரவழைத்துப் பார்த்தபோது, சம்பந்தப்பட்டவர்களின் பணி மதிப்பீட்டில் அந்தச் சம்பவத்தின் சுவடே இல்லை. பாராட்டுதான் இருந்தது. அவர் அதை அப்படியே விடவில்லை. தவறியவர்களின் ஏட்டில் தவறு பதிவாகும்படி செய்தார், அவர்களைப் பறக்கும் பணியிலிருந்தும் விலக்கிவைத்தார். தரமும் பொறுப்பும் பற்றித் தானே பேசிய காணொளியைத் தயாரித்துப் படை முழுவதிலும் அதிகாரிகளைப் பார்க்கவைத்தார். 1996 ஏப்ரலில் குரோவாசியாவில் ஒரு விமானப்படை விமானம் மலையில் மோதி அமெரிக்க வணிகத்துறை அமைச்சர் ரான் பிரவுன் உள்ளிட்ட 35 பேர் இறந்தபோதும் அதிகாரிகள் பலர் நடவடிக்கைக்கு ஆளானார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் நடந்ததன் கனம் இங்கேதான் இருக்கிறது. தன் ஆட்கள் தவறியபோது கண்ணை மூடிக்கொண்டவர் அல்லர் அவர்.

1996 ஜூன் 25, இரவு. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் கோபர் டவர்ஸ் என்ற குடியிருப்பில் அமெரிக்க விமானப்படையினர் தங்கியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. எட்டு மாடிக் கட்டடத்தின் கூரையில் காவலிருந்தவர்கள் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மேல் மாடியிலிருந்து கதவுகளைத் தட்டி ஆட்களை இறக்கத் தொடங்கினார்கள். இறக்கி முடிப்பதற்குள் லாரி வெடித்தது. 19 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சன்னல் கண்ணாடிகள் சிதறியே பலருக்குக் காயம். கண்ணாடி சிதறாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய படலத்தை ஒட்டும் திட்டம் இருந்தது, அது பின்வரும் ஆண்டுகளின் செலவுத் திட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. பொருளாளர் அவர்கள் இந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே தளபதியாக இருந்தவர் பிரிகேடியர் ஜெனரல் டெரில் ஷ்வாலியர். பொறுப்பை அடுத்தவரிடம் மாற்றிக்கொடுக்கும் தறுவாயில் இருந்தார். மேஜர் ஜெனரலாகப் பதவி உயர்வுக்கும் தேர்வாகியிருந்தார். ஓய்வுபெற்ற ஜெனரல் வெய்ன் டவுனிங் தலைமையில் நடந்த விசாரணை அவர்மீது குறை கண்டது. விமானப்படை தன் பங்குக்கு இரண்டு விசாரணைகள் நடத்தியது. அவை, அவருக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு வேலைகளில் பெரும்பாலானவற்றை அவர் செய்திருந்தார், கடமை தவறவில்லை என்று கண்டன. பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் கோஹன் முன்னால் இந்த மூன்றும் இருந்தன. எச்சரிக்கை மணி சரியாக இல்லை, வெளியேற்றும் பயிற்சி போதவில்லை என்பவை அவர் கண்ட குறைகள். பதவி உயர்வை ரத்துசெய்வதென்ற பக்கம் அவர் சாய்ந்துகொண்டிருந்தார்.

ஃபோகல்மன் இணங்கவில்லை. தவறியவனைத் தண்டிக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. ஆனால் கெட்டது நடந்துவிட்டது என்பதற்காகவே அங்கிருந்த ஒருவனைத் தண்டித்தாக வேண்டும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பயங்கரவாதி குண்டு வைத்ததற்குப் பலிகொடுக்க ஒரு தளபதியைத் தேடினால், நாளை எந்தத் தளபதியும் ஆபத்தான இடத்தில் துணிந்து முடிவெடுக்க மாட்டான் என்பது அவர் வாதம். அந்த ஆலோசனை எடுபடாது என்று தெரிந்ததும், 1997 ஜூலை 28-இல் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். பதவிக்காலம் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அமைச்சர் தம் முடிவை அறிவித்தது ஜூலை 31-இல். செப்டம்பர் 1-இல் ஃபோகல்மன் ஓய்வுபெற்று வீடு திரும்பினார்.

தேதிகளைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வெளிவந்தபின் விலகியிருந்தால் அது அமைச்சருக்கு எதிரான கலகமாகியிருக்கும். முடிவுக்கு முன் மிரட்டலாகச் சொல்லியிருந்தால் பேரமாகியிருக்கும். அவர் இரண்டையும் தவிர்த்தார். எதிர்ப்பைக் காட்டப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தன் எண்ணங்களும் மேலிடத்தின் எண்ணங்களும் ஒத்துப்போகவில்லை, பிளவுக்குக் காரணமானவனாகத் தன்னை மற்றவர்கள் பார்த்தால் அதனால் படைக்குக் கெடுதி என்ற கருத்தில்தான் விடைபெற்றார். படை அமைச்சருக்குக் கட்டுப்பட்டது, ஆலோசனை சொல்வதோடு தளபதியின் வேலை முடிந்தது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. தன் ஆலோசனைக்கு மதிப்பில்லாத இடத்தில் நாற்காலியை மட்டும் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நம் செயலாளரும் உத்தரவு தட்டச்சாகி வருவதற்கு முன்பே கடிதம் கொடுத்தார் என்று முன்னே எழுதினேன். அதை நாடகம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பதிவிட்டிருக்கிறார். நாடகமாட விரும்பியவர் வாசலில் திரண்ட பெற்றோர்கள் நடுவில் நின்று கடிதத்தைப் படித்திருப்பாரே!

நம் நாட்டுக் கதை வரும் என்றேன். 1956 நவம்பரில் அரியலூரில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில் மஹபூப்நகர் விபத்தின்போதே அவர் கொடுத்த கடிதத்தை நேரு ஏற்காமல் திருப்பியிருந்தார். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசனுக்கோ ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்ற தேர்தல் முழக்கம்தான் மிஞ்சியது. சாஸ்திரி விலகியது, குற்றம் என்னுடையதாக இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்ட விலகல். 2014 பிப்ரவரியில் சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் இறந்த அன்றே கப்பல்படைத் தளபதி டி. கே. ஜோஷி விலகியதும் அந்த வகைதான். 1959-இல் தரைப்படைத் தளபதி திம்மய்யா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகாமல் கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பிறகு நாடாளுமன்றத்தில் அவர் தலையில்தான் குட்டு விழுந்தது. கடிதத்தைத் திரும்பப் பெறும்படி செயலாளரிடம் சமாதானம் பேச இரண்டு பேரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். திம்மய்யா கதையை அவர்களும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஃபோகல்மன் சென்ற வழியில் எனக்கும் மனக்குறை உண்டு. அவர் அமைதியாகப் போனதால் உண்மையில் என்ன நடந்தது என்பது அன்றைய மக்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ரிச்சர்ட் கோன் என்ற வரலாற்றாசிரியரிடம் அவர் மனம்விட்டுப் பேசியது 2001-இல்தான் அச்சில் வந்தது. அவர் விலகியதால் ஷ்வாலியருக்கும் எந்த நன்மையும் விளையவில்லை. பின்னாளில் பல ஆண்டுகள் முறையிட்டும் அந்தப் பதவி உயர்வு அவருக்கு நிலைக்கவில்லை. பத்தொன்பது வீடுகளில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், யாருமே பொறுப்பில்லையா என்று கேட்டதையும் தள்ளிவிட முடியாது. கை முறிந்த பிள்ளைகளில் ஒருத்தி என் பேத்தியோடு ஒரே வகுப்பில் படிக்கிறவள். அவளுடைய அப்பாவுக்குப் பதில் வேண்டும். மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டோம் என்பது அவருக்கான பதில் ஆகாது என்பதுதான் என் வழக்கு.

நான் படையில் இருந்தது விமானம் ஓட்டியன்று, விமான உடற்கட்டைப் பழுதுபார்த்து. ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. யார் எந்தப் பழுதைக் கண்டான், யார் சரிசெய்தான், யார் சோதித்தான், எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கும். விமானி அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே விமானத்தில் ஏறுவார். பழுதை நாங்கள் ஸ்நாக் என்போம். ஃபிட்டர் ஸ்நாக் எழுதிவிட்டான், இப்போதைக்குப் பறக்கலாம் என்று மேலே ஒருவர் அதைத் தள்ளிவைத்துக் கையெழுத்திட்டார் என்றால், பிறகு ஏதாவது நடந்தால் விசாரணை முதலில் தேடும் கையெழுத்து ஃபிட்டருடையதன்று.

நம் மேற்பார்வையாளர் ஸ்நாக் எழுதினார். பின்கட்டில் மரச்சட்டம் கறையான் அரித்திருக்கிறது, ஓடு இறங்குகிறது, மழைக்கு முன் பிரித்து மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு முறையன்று, பலமுறை. கடைசிக் கடிதத்தின் மேல் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்ற குறிப்பும் கீழே சுருக்கொப்பமும் இருக்கின்றன. அந்த ஆண்டு ஆண்டுவிழாவுக்கு நுழைவாயில் வளைவும் விளக்கு அலங்காரமும் நடந்தன. ஆத்தங்குடிக் கல் பதித்து முகப்பைப் புதுப்பித்தோம், நன்றாகத்தான் இருந்தது, நானும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். சுருக்கொப்பம் யாருடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் கோப்பில் இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

மேற்பார்வையாளர் மேல் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆபத்து என்று தெரிந்தபின் அந்தக் கூடத்தைப் பூட்டி, பிள்ளைகளை முன்கட்டுத் தாழ்வாரத்தில் உட்காரவைத்திருக்கலாம். செய்யவில்லை. அதைக் கேளுங்கள், ஏட்டில் எழுதுங்கள், சம்பளத்தில் பிடிப்பது சரியென்று பட்டால் பிடியுங்கள். பூட்டும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சென்ற ஆண்டு ஒரு வகுப்பறையை அவர் பூட்டியதற்கு, உன்னை யார் பூட்டச் சொன்னார்கள் என்று திட்டு வாங்கியது ஆசிரியர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இந்த ஊரில் பிறந்த நமக்கு இதெல்லாம் புதிதா, ஐயா? நம் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தபோது, சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று ஆண்டுக் கணக்குக்கு, கடையைப் பார்த்துக்கொள்ள மேலாளை அனுப்புவார்கள். முதலாளி இங்கே, கடை அங்கே. கடிதம் போய்வர நாளாகும். கடன் வராமல் போனால் மேலாளைக் கேட்பார்கள். அதற்கு முன், அந்தக் கடன் கொடுப்பது பற்றி அவன் எழுதிய கடிதம் என்ன, நாம் எழுதிய பதில் என்ன என்று பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். முதலாளியோடு மனம் ஒத்துவரவில்லை என்றால் மேலாள் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எடுத்து, பேரேட்டை முடித்து, சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார். கணக்குச் சரியாக ஒப்படைத்து வந்தவரை ஓடிவந்தவர் என்று யாரும் ஏசியதில்லை. செயலாளர் விலகல் கடிதத்தோடு வரவுசெலவுப் புத்தகம், வங்கி ஏடு, சாவிக்கொத்து மூன்றையும் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறார். பொருளாளர் அவர்கள்தான் ரசீதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு கூட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் பராமரிப்புக் கோப்பை மேசைமேல் வையுங்கள். மேற்பார்வையாளரின் கடிதங்களைத் தேதிவாரியாக, அவற்றின் மேலுள்ள குறிப்புகளோடு, காயம்பட்ட இரண்டு பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் படித்துக்காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவை அதுவரை நிறுத்திவையுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அறங்காவலர்கள் கட்டைவிரல் படம் அனுப்புவதோடு நிறுத்தாமல், கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு தங்கள் கருத்தை எழுத்தில் தரட்டும். செயலாளரின் கடிதத்தை அதற்குப் பிறகு எடுங்கள். ஏற்பதாக இருந்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், பயந்து ஓடினார் என்று குழுவில் எழுதியதை எழுதியவரே நீக்கட்டும். போகவேண்டாம் என்று கேட்பதாக இருந்தால், மேற்பார்வையாளர் விஷயத்தில் என்ன முடிவு என்பதை அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பின்கட்டுக் கூரையின் மிச்சப் பகுதி இன்னும் பிரிக்கப்படவில்லை. கார்த்திகை மழையும் தொடங்கிவிட்டது. கூட்டம் எப்படி முடிந்தாலும், அந்தக் கதவைப் பூட்டச் சொல்லி ஒருவருக்கு இன்றே எழுத்தில் அதிகாரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
இப்பள்ளியின் பழைய மாணவன், இந்நாள் மாணவி ஒருத்தியின் தாத்தா, விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன்.